எட்டாவது பாரா

எதிர்மனுதாரர்னா யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா யக்கா? கோர்ட்டுப் படி ஏறாத ஆளுன்னா தெரிஞ்சிருக்காது. தெரியாம இருக்கதே நல்லது. கேஸு போடுதது மனுதாரர். யாரு மேல போடுதாவளோ அது எதிர்மனுதாரர். ஆம்பளையா பொம்பளையா, புருசனா பொண்டாட்டியா, அதெல்லாம் அந்த வார்த்தையில தெரியாது. இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவுலதான் என் தங்கச்சி பிள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கா.

பஸ்ஸு ஏறுனதும் எங்க போறியன்னு கேட்டியள்லா, அதான் சொல்லுதேன். அவளப் பாக்கத்தான் போறேன், நாகர்கோயிலுக்கு. அங்க ஒரு ஜவுளிக்கடையில நிக்கா. செண்பகவடிவுன்னு பேரு, வடிவுன்னு கூப்பிடுவோம். நான் ஆவுடையம்மாள். எங்க ஊரு கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஒரு டைப்பிங் சென்டர்ல பதினெட்டு வருசமா வேல பாக்கேன். வக்கீல்மாரு கையால எழுதிக் குடுப்பாவ, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுப்பேன். என் கையி அடிச்ச மனுவுல ஒரு ஒத்து, ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் சொன்னது கெடையாது. அதச் சொல்லிக்கிடுதேன், பெருமைக்கு இல்ல. நடந்தது நடந்ததுக்கு நான் கவனமில்லாத ஆளுன்னு நீங்க நெனச்சிரக் கூடாது பாருங்க.

எங்க வேலையில ஒரு வசதி உண்டு. ஒரு வார்த்தையத் தேடி, அதுக்குப் பதிலா வேற வார்த்தையப் போடச் சொன்னா, மெசினே பைல் பூராவும் மாத்திரும். ரீப்ளேஸ் ஆல்னு ஒரு பட்டன். ஒரு அமுக்கு. நூறு பக்கம் இருந்தாலும் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிரும், எத்தன எடத்துல மாத்துனேன்னும் சொல்லிரும். ஆனா அத புத்தியோட செய்யணும். எங்க சென்டர்ல முன்ன ஒருத்தன் இருந்தான். கனின்னு ஒரு பெரியவருக்கு அடிச்ச பென்சன் மனுவ எடுத்து, ராஜான்னு இன்னொருத்தருக்கு மாத்திக் குடுத்தான். ‘கனி’ வார எடமெல்லாம் ‘ராஜா’. கடைசில பாத்தா, ‘என் மனுவைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு’ன்னு இருந்தது ‘என் மனுவை ராஜாவுடன் பரிசீலிக்குமாறு’ன்னு ஆயிட்டு. அதக் கண்டுபிடிச்சது நான்தான். தாலுகா ஆபீசுக்குப் போறதுக்கு முந்தி நிறுத்திட்டேன். அப்பிடிப்பட்ட ஆளு நான்.

வடிவு எனக்குப் பன்னெண்டு வயசு எளையவ. அம்மா போனதுக்கப்புறம் நான்தான் அவளுக்கு எல்லாம். தலை பின்னி விட்டது நான், காலேஜுல சேத்தது நான். மாப்பிள்ள பாத்ததும் நான்தான். இசக்கிராஜ்னு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு விட்ட தம்பி மொறை. டைல்ஸ் கடை வச்சிருந்தான். பாத்தா அதிர்ந்து பேசாதவன் மாதிரி இருப்பான். அவளுக்கு அம்புட்டு இஷ்டமில்லதான். ‘கொஞ்ச நாள் போட்டுமே யக்கா’ன்னா. அவளுக்கு என்ன தெரியும், இருபத்தி மூணு வயசுப் பிள்ளைக்கு. நான் பேசி முடிச்சேன்.

கல்யாணமாகி ரெண்டாம் வருசம் ஒரு நாள் மத்தியானம் சென்டருக்கு வந்தா. இடுப்புல கைப்பிள்ள. எடது கையில முட்டு வரைக்கும் துணி சுத்தியிருந்தது. அவ வாயத் தொறக்கதுக்குள்ள நான்தான் கேட்டேன், கஞ்சி வடிக்கும்போது கொட்டிட்டாட்டின்னு. ஆமான்னா. பாத்து வடிக்கக் கூடாதான்னு ஏசினேன். ரெண்டு நாள் எங்க வீட்டுல இருக்கேன்னு சொன்னா. எங்க வீட்டுக்காரருக்கு அந்தச் சொந்தத்துல பேச்சு வந்திரக் கூடாதுன்னு, மறுநாளே நானே பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி அவன் வீட்டுல விட்டுட்டு வந்தேன். எல்லா வீட்டுலயும் உள்ளதுதான யக்கா? வாசல்ல நின்னு என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் வந்துட்டேன்.

அப்பிடி இப்பிடின்னு ஓடி, போன தைப்பொங்கலுக்கு மறுநாளு பிள்ளையத் தூக்கிட்டு ஒரேயடியா வந்துட்டா. இனி போக மாட்டேன்னுட்டா. இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லல. வச்சுக்கிட்டேன். பிள்ளைக்கு நாலு வயசு, தர்ஷிகான்னு பேரு. என் கம்ப்யூட்டர்ல உக்காந்து அவ பேர அடிக்கப் படிச்சிருந்தது. ‘பெரியம்மா, எனக்கு எத்தன எழுத்து’ன்னு கேக்கும்.

மாசிலதான் அவன் கேஸு போட்டான், பொண்டாட்டி சேந்து வாழ வரணும்னு. அதுல அவன் மனுதாரர், வடிவு எதிர்மனுதாரர். வெளங்குதுல்லா? நாங்க பதில் போடணும். ஞானதுரைன்னு ஒரு வக்கீல், எங்க சென்டருக்கு வாரவுகதான், நல்ல மனுசன். வடிவ உள்ள உக்கார வச்சு மூணு மணி நேரம் கேட்டு எழுதினாவ. நான் வெளியில பெஞ்சுல இருந்தேன். வெளிய வரும்போது அவ மொகம் அப்பிடியே வீங்கிக் கெடந்தது. சார் பதினாலு பக்கம் எழுதி என் கையில தந்து, ‘ஆவுடை, ஏழுலருந்து பதினொண்ணு வரைக்கும் உள்ள பாராதான் கேஸோட உயிரு. ஒரு எழுத்து மாறாம அடிச்சிரு’ன்னாவ.

ஆறு பாரா அடிச்சேன். ஏழாவதுல ரெண்டு வரி போனதும் எனக்குக் கை வலி வந்துட்டு. நெசமாவே வலி யக்கா, இந்த மணிக்கட்டுல. பதினெட்டு வருசமா அடிக்க கையில்லா. பக்கத்து மெசின்ல ஜெபராணின்னு ஒரு அக்கா இருக்காவ, என்னைய விடப் பெரியவுக. யக்கா, இந்த அஞ்சு பாராவ மட்டும் நீங்க அடிச்சுக் குடுங்கன்னேன். அவுக அடிச்சாவ. பாதியில நிறுத்தி, கண்ணாடியக் கழத்திட்டு, ‘ஆவுடை, இதுல ஓம் பேரும் வருது’ன்னாவ. அக்காக்காரி இல்லியா, சாச்சியாப் போட்டிருப்பாவன்னேன். அவுக கண்ணாடியத் திரும்ப மாட்டிக்கிட்டாவ. அடிச்சு முடிச்சு என் பைல்ல சேத்து விட்டாவ. பன்னெண்டாவது பாராவுலருந்து கை சரியாயிட்டு, நான் அடிச்சேன்.

இங்கனதான் விசயம் இருக்கு. நல்லாக் கேளுங்க. ஜெபராணி அக்கா பழைய ஆளு. அவுக அடிக்கது பழைய பாண்டு, அதாவது கம்ப்யூட்டர்ல பழைய எழுத்து வகை. நான் அடிக்கது யூனிகோடு, இப்ப உள்ள புது எழுத்து. பேப்பர்ல பிரிண்டு போட்டா ரெண்டும் தமிழ்தான், நம்ம கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான் தெரியும். மெசினுக்கு அப்பிடி இல்ல. அந்தப் பழைய பாண்டுல அடிச்சது அதுக்கு வெறும் இங்கிலீசு எழுத்து, கன்னாபின்னான்னு. தமிழ்ல ஒரு வார்த்தையத் தேடச் சொன்னா அந்தப் பக்கம் திரும்பியே பாக்காது. இது எனக்குத் தெரியும். தெரிஞ்ச விசயம்தான். அன்னைக்கு ஞாபகம் வரல.

பங்குனி உத்திரத்துக்கு இசக்கிராஜ் வந்தான். பிள்ளைய சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு சாயந்தரம் கொண்டாந்து விடுதேன்னான். வடிவு அனுப்ப மாட்டேன்னா. நான்தான், பெத்த தகப்பன் சாமி கும்பிடக் கூப்பிடுதான், குடுத்து விடுன்னேன். சாயந்தரம் கொண்டாந்து விடல. மறுநாளும் விடல. போன் எடுக்கல. வடிவு நாலு நாள் பச்சத்தண்ணி குடிக்கல.

வக்கீல் சார் சொன்னாவ, பிள்ளைய நம்மகிட்ட ஒப்படைக்கச் சொல்லி நம்மளே ஒரு மனு போட்டுருவோம்னு. எழுதிப் பேசி அலைஞ்சு சித்திர பாதி ஆயிட்டு. வெள்ளிக்கெழமையோட கோர்ட்டுக்குக் கோட லீவு. அது விட்டா ஒரு மாசம். செவ்வாக்கெழமை சார் என்னையக் கூப்பிட்டு, ‘புதுசா எழுத நேரம் இல்ல. அன்னைக்கு அடிச்ச பதில் மனுவையே எடுத்துக்க. இதுல வடிவு மனுதாரர், அவன் எதிர்மனுதாரர். ரெண்டையும் மாத்திப் போட்டு, கோரிக்கைய மட்டும் நான் தாரதச் சேத்திரு’ன்னாவ.

மாத்திப் போடுததுன்னா நேரா மாத்த முடியாது யக்கா. எதிர்மனுதாரர எல்லாம் மொதல்ல மனுதாரர்னு மாத்திட்டா, பைல் பூராவும் மனுதாரர் ஆயிரும், பொறவு யாரு யாருன்னு பிரிக்க முடியாது. அதனால நடுவுல ஒரு பேரு வேணும். நான் எப்பவும் ‘பூனை’ன்னு போடுவேன். மனுவுல பூனை வராதுல்லா. எதிர்மனுதாரரப் பூனையாக்கணும். பொறவு மனுதாரர எதிர்மனுதாரராக்கணும். கடைசில பூனைய மனுதாரராக்கணும். அதுலயும் ‘மனுதார’ வரைக்கும்தான் குடுக்கணும், அப்பத்தான் ‘மனுதாரரை’, ‘மனுதாரருக்கு’ எல்லாம் வால் அறுபடாம மாறும். எங்க சென்டர்ல இத என்னைய மாதிரி செய்ய ஆள் கெடையாது. புதன்கெழமை மத்தியானம் செஞ்சேன். மொத்தம் நூத்தி முப்பத்தொம்பது எடத்துல மாத்தியாச்சுன்னு வந்தது. மனசு குளுந்து போச்சு. மொதப் பக்கத்தப் பாத்தேன், ரெண்டாவதப் பாத்தேன், கடைசிப் பக்கத்தப் பாத்தேன். எல்லாம் சுத்தம்.

நடுப் பக்கத்தப் பாக்கலியான்னு கேப்பிய. பதிலு மனுவுல ஏற்கெனவே சார் பாத்து சரின்னு சொன்ன பக்கம்தான அது? சாரும் மொதப் பக்கமும் கோரிக்கையும்தான் பாத்தாவ. வடிவு படிக்கவே இல்ல, எங்க கையெழுத்துன்னு கேட்டா, போட்டா. ‘நீ அடிச்சதுதானக்கா’ன்னா.

வெள்ளிக்கெழமை மனுவக் கூப்பிட்டாவ. அன்னைக்கே, வாராவாரம் சனிக்கெழமை பிள்ளையப் பாக்கவாது ஒரு உத்தரவு வாங்கிரலாம்னு சார் சொல்லியிருந்தாவ. கோர்ட்டுல நிக்க எடம் இல்ல, லீவுக்கு முந்தின நாளுல்லா. இசக்கிராஜ் பக்கத்து வக்கீலு எந்திச்சான். மெலிஞ்ச ஆளு, சத்தம் மட்டும் பெருசு. நீதிபதி அம்மாவப் பாத்து, ‘அம்மா, இந்த மனுவோட எட்டாவது பாராவ மட்டும் வாசிக்கேன், கேளுங்க’ன்னான். வாசிச்சான். மனுதாரர் தினமும் குடித்துவிட்டு வீட்டிற்கு வருவார். அன்றும் மனுதாரர் குடித்துவிட்டு வந்து, எதிர்மனுதாரரின் தலைமுடியைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துச் சென்று, கொதிக்கும் கஞ்சிப் பானைக்குள் எதிர்மனுதாரரின் இடது கையை...

வாசிச்சு நிறுத்திட்டு, ‘மனுதாரரே கையெழுத்துப் போட்டு உறுதி சொன்ன மனு. குடிச்சதையும் அடிச்சதையும் அவுகளே ஒத்துக்கிட்டாவ. இவுககிட்ட எப்பிடிப் பிள்ளையக் குடுக்கது’ன்னான்.

சிரிச்சாவ யக்கா. கோர்ட்டுல இருந்த அத்தன பேரும் சிரிச்சாவ. இசக்கிராஜ் தலையக் குனிஞ்சுக்கிட்டு சிரிச்சான். வடிவு நடுவுல நிக்கா. அந்த எடது கைய முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கா. அந்த வக்கீலு ஒம்பதாவதையும் வாசிக்க ஆரம்பிச்சான். ‘மறுநாள் எதிர்மனுதாரரின் அக்கா’ன்னு ஆரம்பிச்சது காதுல விழுந்தது. எனக்குக் காது அடச்சுட்டு. காத்து இல்ல அங்க. எந்திச்சு வராண்டாவுக்கு வந்துட்டேன்.

எங்க சார் எந்திச்சு, டைப் அடிச்சதுல பெசகுன்னு சொல்லியிருக்காவ. நீதிபதி அம்மாவும் ஒண்ணும் கெடுதலா சொல்லல. ‘திருத்திக் கொண்டு வாங்க, லீவு முடிஞ்சு பாக்கலாம்’னு மனுவத் திருப்பிக் குடுத்துட்டாவ. ஒரு மாசந்தானன்னு நெனச்சோம். அந்த ஒரு மாசத்துல அவன் கடையச் சாத்திட்டுப் பிள்ளையோட சூரத்துக்குப் போயிட்டான், அவன் அண்ணன் அங்க இருக்கான். பிள்ளைய அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டான். திருத்தின மனு கெடக்கு. நோட்டீஸ் போகுது, திரும்பி வருது. எப்பவாது போன் போட்டுக் குடுப்பான். போன வாரம் வடிவு பேசும்போது பிள்ள இந்தியில ஏதோ சொல்லியிருக்கு. அவளுக்குப் புரியல. என்னம்மா சொன்னன்னு கேட்டிருக்கா. பிள்ளைக்கு அதத் தமிழ்ல எப்பிடிச் சொல்லணும்னு தெரியல. வச்சிட்டு.

இது எனக்கு வடிவு சொல்லல. அவகூட ஜவுளிக்கடையில வேல பாக்க ஒரு பொம்பளப்பிள்ள சொல்லித் தெரியும். என்கூட அவ சரியாப் பேசுதது இல்ல.

அன்னைக்குக் கோர்ட்டு வராண்டாவுல வடிவு வந்து நின்னா. கையில அந்த மனு. அப்பத்தான் மொத மொதல்ல படிச்சிருக்கா. அழல, சத்தம் போடல. ‘எட்டாவது பாராவ நீ படிச்சியாக்கா’ன்னா. படிச்சேன்ட்டின்னேன். பொய்தான். வேற என்னத்தச் சொல்ல. பாண்டு வேற வேறட்டி, நான் யூனிகோடு, அவுக பழசு, அதனால அது மாறலன்னு சொன்னேன். ‘நான் பாண்டக் கேக்கலக்கா’ன்னா. ஒம்பதாவது வாசிக்கும்போது ஏன் எந்திச்சுப் போனன்னு கேட்டா. காத்து இல்லன்னேன்.  பொறவு படி இறங்கிப் போனா. அடுத்த வாரம் வீட்ட விட்டே போயிட்டா.

நான் சும்மா இருக்கேன்னு நெனச்சிராதிய. நான் செஞ்சத நானே சரி பண்ணணும்னு ஒரே வெறி. மந்திரிக்கு மனு, கலெக்டருக்கு மனு, மகளிர் ஆணையத்துக்கு மனு, குழந்தைகள் நலத்துக்கு மனு, சூரத்து போலீசுக்கு மனு. ஒரே மனுதான், மேல பேர மட்டும் தேடி மாத்தி, தேடி மாத்தி, முப்பத்தாறு பேருக்கு அனுப்பியிருக்கேன். அந்த அஞ்சு பாராவ யூனிகோடா மாத்தவும் செஞ்சுட்டேன். அதுக்கு ஒரு சாப்ட்வேர் இருக்கு, பழச உள்ள போட்டாப் புதுசா வெளிய தள்ளிரும், ஒக்காந்து திரும்ப அடிக்க வேண்டியது இல்ல. சாப்பாடு எறங்க மாட்டேங்கு யக்கா. வேலையில உக்காந்தா மனுதாரர்னு வார எடமெல்லாம் கை நின்னு போவுது. எங்க வீட்டுக்காரரு, ஒன் தங்கச்சியே சும்மா இருக்கா, ஒனக்கென்னங்காரு. ஒவ்வொரு வாரமும் போன் போடுவேன். எடுத்தா ஒரே கேள்விதான் கேப்பா. ‘படிச்சியா?’ பாண்டெல்லாம் சரி பண்ணிட்டேன் வடிவு, இப்ப எங்கயும் பெசகு வராதும்பேன். வச்சிருவா.

அவளுக்கு என் மேல கோவம். ஒரு தப்புப் பண்ணிட்டேன், சரி. அதையே பிடிச்சுக்கிட்டு இருந்தா எப்பிடி? எனக்கு வெளங்கவே இல்ல.

திங்கக்கெழமை வாய்தா. வடிவோட சாச்சி வாக்குமூலத்தத் தாக்கல் பண்ணணும், அவ கையெழுத்து வேணும். அந்த அஞ்சு பாராவும் அதுலயும் அப்பிடியே உண்டு. இந்த வாய்தாவ விட்டா மனுவத் தள்ளுபடி பண்ணிருவாவன்னு சார் கறாராச் சொல்லிட்டாவ. நேத்து போன் போட்டு அழுதேன். அவ சொன்னா, ‘கொண்டா, போடுதேன். ஆனா ஏழுலருந்து பதினொண்ணு வரைக்கும் நீ உக்காந்து படிச்சிட்டுக் கொண்டா. படிக்காம வந்தியன்னா வாசலோட திரும்பிப் போ. இந்தத் தடவ பொய் சொன்னா எனக்குத் தெரியும்’னா.

காலைல வீட்டுல படிப்போம்னு எடுத்தேன், கேஸ் சிலிண்டர் வந்துட்டு. பஸ் ஸ்டாண்டுல எடுத்தேன், ஒரே எரைச்சல். பஸ்ஸுல படிச்சா எனக்குக் கொமட்டும். கண்ணாடியையும் மறந்துட்டேன். இல்ல, பையில இருக்கு, ஆனா அது பழைய பவரு. வள்ளியூர் தாண்டியாச்சுல்லா? இன்னும் எம்புட்டு நேரம் இருக்கும், முக்கா மணி நேரம் இருக்குமா?

யக்கா, ஒரு ஒதவி செய்வியளா? ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தாங்க, இதுதான். மூணாவது பக்கத்துலருந்து அஞ்சாவது பக்கம் வரைக்கும். நீங்க ஒரு தடவ பாத்துட்டியன்னா, ஒரு ஆளு படிச்ச மாதிரிதான? அவளுக்கு வேண்டியது பெசகு இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான். சத்தமாப் படிக்காண்டாம். மனசுக்குள்ளயே படிங்க. நான் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஏழு முடிஞ்சுட்டா? ம். எட்டு. ஆமா, அது கொஞ்சம் பெரிய பாரா.

ஒம்பதுக்கு வந்துட்டியளா?

ஏன் யக்கா நிறுத்திட்டிய? ஏன் என்னைய அப்பிடிப் பாக்கிய? இல்ல, ஒண்ணும் சொல்லாண்டாம். என்ன எழுதியிருக்குன்னு சொல்லாண்டாம். மனுதாரர் வார எடத்துல மனுதாரர், எதிர்மனுதாரர் வார எடத்துல எதிர்மனுதாரர், மாறாம இருக்கா? அத மட்டும் சொல்லுங்க, போதும்.